எண்ணூற்றுப் பன்னிரண்டு கல்யாணமும் ஓர் ஓலையும்

கல்யாண விஷயத்தில் எங்கள் மாமாவை மிஞ்ச இந்தப் பூமியில் ஆள் கிடையாது. பக்கத்துக் கிரகங்களிலும் விசாரித்துவிட்டேன், கிடையாது. முப்பத்தைந்து வருடத்தில் எண்ணூற்றுப் பன்னிரண்டு கல்யாணம். வரமாட்டேன் என்று கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட மாப்பிள்ளையைக் கதவிடுக்கு வழியாகவே பேசி வெளியே எடுத்திருக்கிறார். விரலில் ஏற மறுத்த மோதிரத்துக்கு மெழுகுவர்த்தியின் மெழுகைத் தடவி ஏற்றியிருக்கிறார். அவர் ஆசீர்வதித்த வீட்டில் பாத்திரங்கள்கூடச் சண்டை போடாமல் தாமாக அடுக்கிக்கொள்ளும். நாளைக்கு நிலாவில் மனிதர்கள் குடியேறி அங்கே முதல் கல்யாணம் நடந்தால், ராக்கெட் அனுப்பி இவரைத்தான் கூட்டிப்போவார்கள். இவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதில் ராக்கெட் அரை மணி தாமதமாகும், அவ்வளவுதான்.

இவ்வளவு பெரிய நிபுணருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவும் ஆகாது. அவர் கத்தோலிக்கச் சாமியார்.

அம்மாவின் தம்பி. ஊருக்கு ஃபாதர், எனக்கு மாமா. கோயில் வளாகத்துக்குள்ளேயே சாமியார் வீடு. முன்னால் ஆபீஸ் அறை, அதற்குப் பின்னால் அவர் தூங்கும் அறை, கடைசியில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கிவைத்த ஓர் அறை. சமையலறை அலமாரியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், இரண்டு ஸ்பூன். இரண்டாவது ஸ்பூன் மருந்துக்கு. "இன்னொரு தட்டு வாங்கினா இன்னொரு தட்டு கழுவணும்" என்பார். சாப்பாடு பெரும்பாலும் நின்றுகொண்டே. சாப்பிடும்போது எப்படியும் யாராவது கதவைத் தட்டுவார்கள் என்பது அவர் கணக்கு, கணக்கு தப்புவதே இல்லை.

கோயில் வாசலில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது. தெருவில் யாரைப் பார்த்தாலும் குடையை அந்தப் பெட்டியின் வாயில் மாட்டிவிட்டுப் பேச ஆரம்பிப்பார். பேசி முடித்துக் குடையை மறந்து போவார். தபால்காரர் வாரத்துக்கு ஒரு குடையையாவது பட்டுவாடா செய்கிறார்.

ஊரில் எந்த வீட்டில் எந்த நாற்காலிக்குக் கால் ஆடும் என்று மாமாவுக்குத் தெரியும். எல்லார் வீட்டிலும் உட்கார்ந்தவர். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சாவு வீடு, அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாத வீடு என்று ஒரு நாளைக்கு எட்டு வாசல் ஏறுவார். எட்டிலும் யாராவது ஒருத்தர் கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள்: "ஏன் ஃபாதர், நீங்கள்லாம் ஏன் கல்யாணம் பண்ணிக்கறதில்ல?"

ஆளுக்கு ஒரு பதில் வைத்திருப்பார். ஞாயிறு வகுப்புக் குழந்தைகளுக்கு, "நான் பயங்கரமா குறட்டை விடுவேன். பாவம், இன்னொருத்தரை ஏன் கஷ்டப்படுத்தணும்?" புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்து அழும் பெண்களுக்கு, "உங்க அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லம்மா." பஸ் டிரைவருக்கு ஒன்று சொன்னார், எனக்கு அதுதான் பிடிக்கும்: "நீங்க வண்டி ஓட்டறப்போ முன் சீட்டு ஆளோட மட்டும் பேசிக்கிட்டே போனா பின்னாடி இருக்கறவங்க சும்மா விடுவாங்களா? அது மாதிரிதான்." டிரைவர் யோசித்துவிட்டு, "ஆனா ஃபாதர், எனக்கு ஷிஃப்டு முடிஞ்சா வீட்டுக்குப் போகலாமே" என்றார். மாமா உடனே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பதிலால் ஏமாற்ற முடியாத ஒரே ஆள் சலூன்காரர். கோயிலுக்கு எதிரே அவருடைய கடை. மனைவி போய்ச் சேர்ந்து பத்து வருடம் ஆகிறது, மகன் வெளிநாட்டில். கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தார். எந்தச் சாமியையும் கும்பிடாதவர், ஆனால் எல்லாச் சாமியைப் பற்றியும் படிப்பார். மாதத்துக்கு ஒருமுறை மாமாவின் கழுத்தில் துணியைக் கட்டி, தலையைக் கையில் பிடித்தபடி விசாரணையைத் தொடங்குவார். நான் பெஞ்சில் பழைய பத்திரிகையோடு உட்கார்ந்து காதை மட்டும் நீட்டுவேன்.

"உங்க மொதல் போப்பு பேதுருவுக்கு மாமியார் இருந்தாங்களாமே?"

"இருந்தாங்க. காய்ச்சல்ல படுத்திருந்தாங்க, இயேசு குணமாக்கினாரு."

"பொண்டாட்டி இல்லாம மாமியார் எந்தக் கடையில கிடைக்கும்?"

"கல்யாணம் ஆனவர்தான்யா. அந்தக் காலத்துல நிறைய சாமியாருங்களுக்குக் குடும்பம் இருந்துச்சு. இப்பவும் கிழக்குப் பக்கத்துச் சபைகள்ல கல்யாணம் ஆனவங்க சாமியாராகலாம். எங்க பக்கம்தான், ஒரு எண்ணூறு தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, கூடாதுன்னு இறுக்கிப் பிடிச்சாங்க."

"எதுக்கு இறுக்கினாங்க?"

"முழு மனசா கடவுளுக்கும் ஜனங்களுக்கும் இருக்கணும்னு. இயேசுவே கல்யாணம் பண்ணிக்கலையே." கண்ணாடியில் சலூன்காரரின் கையைப் பார்த்தார். "கோயில் சொத்து சாமியார் புள்ளைங்களுக்குப் போயிடும்ங்கற பயமும் இருந்துச்சு. உங்க கையில கத்தி இருக்கு, பொய் சொல்ல மாட்டேன்."

"அப்போ கடவுள் போட்ட சட்டம் இல்ல."

"இல்ல. சபை போட்டது. சபை நினைச்சா மாத்தலாம்."

"மாத்தினா நீங்க கட்டிப்பீங்களா?"

"அறுபத்தொரு வயசுல எனக்கு யாருய்யா பொண்ணு குடுப்பா?"

"அது பதில் இல்ல, ஃபாதர். தலையை ஆட்டாதீங்க, காது போயிடும்."

உண்மையான பதில் அம்மாவிடம் இருக்கிறது. மாமாவுக்கு இருபத்து நாலு வயது இருக்கும்போது, சாமியார் பட்டம் வாங்க இரண்டு வருடம் பாக்கி இருந்தபோது, அம்மா தன் தோழியை அவருக்குப் பார்த்து வைத்திருந்தாள். இன்னும் சத்தியம் எதுவும் கொடுக்கவில்லையே, திரும்பி வந்துவிடு என்று மணிக்கணக்காகப் பேசியிருக்கிறாள். மாமா சொன்னாராம்: "அக்கா, எனக்குன்னு ஒரு வீடு வந்தா நான் அங்கதான் முழுசா இருப்பேன். மத்த வீட்டுக்கெல்லாம் அரை ஆளாத்தான் போவேன். சில பேரால ரெண்டும் முடியும். என்னால முடியாது. என்னை எனக்குத் தெரியும்." அதற்கு அம்மா, "சரிடா, எல்லார் வீட்டுக்கும் நீ போவே. உன் வீட்டுக்கு யார் வருவா?" என்று கேட்டிருக்கிறாள். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா அடுப்பைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள், அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தாலும்.

போன மாதம் ஒரு காலை, ஆறு மணிப் பூசைக்கு மணி அடிக்கவில்லை. பூசைக்கு வந்தவர்கள் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுச் சாமியார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சமையலறைத் தரையில் மாமா கிடந்தார். சர்க்கரை தாறுமாறாக இறங்கி மயங்கி விழுந்து, இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ரிட்டையர் ஆன நர்சம்மா நல்லவேளையாக அன்றைக்குப் பூசைக்கு வந்திருந்தார். உதட்டுக்குள் தேன் தடவி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய், மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். பார்த்த நாலு பேரின் வாயைக் கட்டிவிட்டு, ஊருக்கு "லேசா தலைச்சுத்தல்" என்று சொல்லிவிட்டு மாமா வழக்கம்போல எட்டு வாசல் ஏறினார்.

ஆனால் ஆயர் இல்லத்திலிருந்து, அதாவது பிஷப் வீட்டிலிருந்து, ஒரு கடிதம் வந்தது. எனக்கு அது தெரிந்தது என் வேலையால். பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்ட பிறகு, கோயில் தெரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த அன்றே கடைக்கார அக்கா ஒரே ஒரு விதி சொன்னாள்: "ஜனங்க இங்க விவாகரத்து அடிப்பாங்க, உயில் அடிப்பாங்க, வேலை போன கதை அடிப்பாங்க. கண்ணு படிக்கலாம், கை அடிக்கலாம், வாய் மட்டும் திறக்கக் கூடாது." வாயைத் தவிர எல்லாவற்றையும் வைத்துக் குறும்பு செய்யலாம் என்று நான் புரிந்துகொண்டேன்.

ஒரு புதன்கிழமை மாமா வந்து, பதில் கடிதத்தைக் கையால் எழுதியதை நீட்டினார். நான் அடித்தேன். உடல்நிலை காரணமாகத் தனியாகத் தங்க வேண்டாம் என்று தாங்கள் சொல்வது புரிகிறது. என்னோடு தங்கக்கூடியவர் யாரும் இல்லை. ஆகவே ஓய்வு பெற்ற குருக்கள் இல்லத்துக்கு மாறச் சம்மதிக்கிறேன். மூன்று வரி. மூன்றாவது வரியை அடிக்க எனக்குக் காபி குடிக்கும் நேரம் ஆனது.

"மாமா, அந்த இல்லம் எங்க இருக்கு?"

"ரயில்ல ஏழு மணி நேரம். தோட்டமெல்லாம் இருக்காம்."

"நீங்க போகணும்னு ஆசைப்படறீங்களா?"

"எழுத்து கொஞ்சம் பெருசா போடுடி, ஆயருக்கும் கண்ணு சரியில்ல."

என்னால் போய்த் தங்க முடியாது, சாமியார் வீட்டில் பெண்பிள்ளை தங்க விதி இல்லை. எங்கள் வீடு இரண்டு பஸ் தள்ளி. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வெளியூர் வேலை, அண்ணனின் இரட்டைப் பிள்ளைகளுக்கு ஏழு வயது, அவர்களுக்கே காவல் வேண்டும். அம்மாவிடம் சொன்னால் கடை விதி போய்விடும். மாமா கையெழுத்துப் போட்டு, கவரில் வைத்து ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டி, "தபால்ல போட்டுடு" என்று என் கையில் கொடுத்தார்.

நான் போடவில்லை. அன்றைக்கு மழை. மறுநாள் மறந்துவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து சொல்லிக்கொள்ளக் காரணம் கிடைக்கவில்லை, அதனால் காரணமில்லாமலே போடவில்லை. கவர் இரண்டு வாரத்துக்கு மேல் என் பையிலேயே கிடந்தது.

இனி மாமாவின் பிரசித்தி பெற்ற ஒரு பலவீனத்தைச் சொல்ல வேண்டும். ஞாயிறு பூசையின் முடிவில் வாசிக்கும் அறிவிப்புகளை அவர் அப்படியே, யோசிக்காமல், மணி அடித்த மாதிரி வாசித்துவிடுவார். எங்கள் பங்குக்கு (ஒரு கோயிலையும் அதைச் சேர்ந்த ஜனங்களையும் பங்கு என்போம்) அவர் வந்த வருடம் அறிவிப்புத் தாளுக்குப் பதிலாகச் சலவைக்காரர் சீட்டு கையில் வந்துவிட்டது. "சட்டை நாலு, போர்வை ரெண்டு, தலையணை உறை ஒண்ணு, கறை போகாது" என்று பக்தியோடு வாசித்து முடித்தார். பாதிப் பேர் "ஆமென்" சொன்னார்கள்.

அந்த அறிவிப்புத் தாளைச் சனிக்கிழமைதோறும் அடிப்பது நான்தான். அதில் கல்யாண அறிவிப்பும் வரும். கோயிலில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமானால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். ஓலை வாசிப்பது என்று சொல்வோம். அந்தச் சனிக்கிழமை நான் ஒரு ஓலை கூடுதலாக அடித்தேன். குறும்பு இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் வாயைத் திறக்காமல் ஊரைக் கேட்க வைக்க எனக்கு வேறு வழியும் தெரியவில்லை.

ஞாயிறு, கடைசிப் பாட்டுக்கு முன்னால், மாமா தாளை எடுத்தார். தாயார்கள் கூட்டம் வியாழக்கிழமை. கல்லறைப் பக்கம் மாடு கட்டக் கூடாது. பிறகு:

"திருமண அறிவிப்பு. முதல் முறை. மணமகன், இந்தப் பங்கின் சாமியார். வயது அறுபத்தொன்று. சர்க்கரை உண்டு."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. மாமா நிறுத்தவில்லை.

"மணமகள், இந்தப் பங்கு. வயது நூற்றுப் பதினான்கு. கூரை ஒழுகும். இருவரும் ஒன்பது வருடமாக ஒரே வளாகத்தில் வசிக்கிறார்கள். இவர்கள் தொடர்ந்து சேர்ந்து வாழ ஏதாவது தடை இருப்பதாக அறிந்தவர்கள் உடனே தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

முதலில் ஒரு குழந்தை சிரித்தது. அப்புறம் கோயிலே குலுங்கியது. நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இருந்தேன்.

நர்சம்மா எழுந்து நின்றார். "தடை இருக்கு ஃபாதர்! மாப்பிள்ளை மாத்திரையை ஒழுங்கா போடறதில்ல!"

"பொண்ணு வீட்டுக் கூரை ஒழுகறதை முன்னாடியே சொல்லியிருக்கணும்!" இது பஸ் டிரைவர்.

"ஒன்பது வருஷமா ஒரே வளாகத்துலயா? இவ்வளவு நாள் ஓலை வாசிக்காம என்ன பண்ணீங்க?" என்று யாரோ ஒரு பாட்டுக்குழு அண்ணன்.

மாமாவும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். திரும்ப மாட்டவில்லை.

"இன்னொரு தடை இருக்கு. பேப்பர்ல இல்ல," என்றார். "போன மாசம் தலைச்சுத்தல்னு சொன்னேன்ல. அது மயக்கம். ரெண்டு மணி நேரம். தனியா இருக்கக் கூடாதுன்னு ஆயர் இல்லத்துல சொல்லிட்டாங்க. கூட யாராவது தங்கினா இங்கயே இருக்கலாம். இல்லேன்னா மாசக் கடைசியில கிளம்பணும்." தாளை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார். "மத்தவங்களுக்காகன்னா எந்தக் கதவை வேணா தட்டிக் கேட்பேன். எனக்காகக் கேட்டுப் பழக்கமில்ல. அதான்."

கடைசிப் பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டிய பாட்டுக்குழு மறந்துவிட்டது. மாமாவே ஆரம்பித்தார், தப்பான சுருதியில்.

பூசை முடிந்து வாசலில் ஆளாளுக்குப் பேசினார்கள். எங்க வீட்டுல வந்து தங்கட்டும், நான் முறை வைச்சு வரேன், என் பையன் வருவான், அவனுக்குப் பரீட்சை முடியட்டும். எல்லாம் நல்ல மனசுதான், எதுவும் உறுதியாகவில்லை. தெரு தாண்டிச் செய்தி சலூனுக்குப் போக அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

திங்கட்கிழமை சலூனுக்கு விடுமுறை. நான் மதியம் மாமாவுக்குச் சாப்பாடு எடுத்துப் போனபோது, சலூன்காரர் ஒரு பெட்டி, ஒரு டிவி, சுருட்டிய மெத்தையோடு வராந்தாவில் நின்றார்.

"ஃபாதர், பின்னாடி ஒரு ரூம் சும்மா கிடக்குதாமே?"

"சும்மா இல்ல. உடைஞ்ச பெஞ்சு கிடக்கு."

"பெஞ்சு சர்க்கரை பார்க்குமா?"

"நீங்க பார்ப்பீங்களா?"

"நேத்து சாயங்காலம் பூரா நர்சம்மா வீட்டுல உட்கார்ந்து கத்துக்கிட்டேன். விரல்ல குத்தணும், மெஷின்ல நம்பர் வரும், எழுபதுக்குக் கீழ வந்தா சர்க்கரைத் தண்ணி. நாப்பது வருஷம் கத்தி பிடிச்ச கை, நடுங்காது." அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கி, "எனக்கும் அந்த மாடிப்படி ஏற முடியல. முட்டி போச்சு. கீழ ரூம் தேடிட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

"நீங்க சாமி கும்பிட மாட்டீங்களே."

"எனக்கும் சேர்த்து நீங்க கும்பிடுங்க. உங்களுக்கும் சேர்த்து நான் டிவி பார்க்கறேன்."

நாங்கள் மூன்று பேரும் பஸ் டிரைவரும் சேர்ந்து பெஞ்சுகளை வெளியே தூக்கினோம். ஒரு பெஞ்சின் இடுக்கில் மாமா மூன்று வருடமாகத் தேடிய மூக்குக்கண்ணாடி இருந்தது.

இப்போது அந்த வீட்டில் தினமும் சண்டை. குழாயை மூடவில்லை, டிவி சத்தம், ஜன்னல் திறப்பதா சாத்துவதா. காலையில் விரலை நீட்டச் சொன்னால் மாமா குழந்தை மாதிரிக் கையைப் பின்னால் ஒளிக்கிறார். "எண்ணூறு பேருக்குக் கல்யாணம் பண்ணி வெச்சவரு, ஒரு ஊசிக்குப் பயப்படறாரு பாரு" என்று சலூன்காரர் தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறார். கல்யாண விவாதமும் இப்போது மாதம் ஒருமுறை இல்லை, வேளைக்கு ஒருமுறை. சமையலறை அலமாரியில் தட்டு இரண்டு. அம்மா வந்து பார்த்துவிட்டு அடுப்பைத் துடைத்தாள். அன்றைக்கு அது நிஜமாகவே அழுக்காக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மாமா கடைக்கு வந்தார். ஆயருக்கு இன்னொரு கடிதம். சலூன்காரர் என்னோடு தங்குகிறார், சர்க்கரை பார்க்கத் தெரிந்தவர், நான் இங்கேயே தொடர அனுமதிக்க வேண்டுகிறேன். இந்த மூன்று வரியை அடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"கடைசியில ஒரு வரி சேரு," என்றார். "முந்தைய கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்."

"அது எதுக்கு மாமா? இந்த லெட்டரே போதும்."

"அதுல போறேன்னு எழுதியிருக்கேன், இதுல இருக்கேன்னு எழுதறேன். குழம்பிடுவாங்கல்ல?"

"அதெல்லாம் குழம்ப மாட்டாங்க."

"அவ்வளவு உறுதியா?"

நான் பிரிண்டரில் தாள் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. திரும்பவும் பார்த்தேன்.

"மூணு வாரமா அந்தப் பையை ஜிப் திறக்காம வெச்சிருக்கே. போன வாரம் மிட்டாய் இருக்கான்னு கேட்டதுக்குப் பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே."

"அன்னிக்கு மழை மாமா..."

"தபால் பெட்டி எங்கடி இருக்கு?"

"கோயில் வாசல்ல."

"நான் இங்கருந்து வீட்டுக்குப் போற வழியிலயா, வேற வழியிலயா?"

"போற வழியில."

"தினம் குடையை மாட்டற பெட்டியில ஒரு கவரைப் போடத் தெரியாமலா உன் கையில குடுத்தேன்?"

கடைக்கார அக்கா ஜெராக்ஸ் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நான் பையைப் பிடித்துக்கொண்டே, "அப்போ அந்த ஓலையாவது... அதை நீங்க தெரியாமத்தானே வாசிச்சீங்க?" என்றேன்.

"சலவைச் சீட்டு வாசிச்ச நாள்லேருந்து, எந்தப் பேப்பரையும் உடுப்பு மாத்தற ரூம்ல மூணு தடவை படிக்காம நான் பீடம் ஏறினதில்ல. 'கூரை ஒழுகும்' வந்த இடத்துல ரெண்டு தடவையும் சிரிச்சுட்டேன். மூணாவது தடவைதான் சிரிக்காம படிக்க வந்துச்சு." கையை நீட்டினார். "எடு."

ஜிப்பைத் திறந்தேன். கவரின் ஒரு மூலையில் மிட்டாய் ஒட்டியிருந்தது. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஸ்டாம்ப் நல்லாத்தான் இருக்கு. பக்குவமா பிரிச்சுப் புதுக் கவர்ல ஒட்டு."

ஒட்டினேன். தபாலில் போட்டுவிட்டு வருகிறேன் என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். அதற்குள் கவரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"நீ உட்காரு. இதை நானே போட்டுக்கறேன். உன்னை நம்ப முடியாது."